பெங்களூர் மரங்களின் வரவு செலவுக் கணக்கு

பெங்களூருக்கு மாற்றலாகி வரும் நம்மூர்க்காரர்கள் முதல் வாரத்தில் தவறாமல் சொல்வது, "ரோடு முழுக்க என்ன மரம் சார்!" என்பதுதான். இயற்கை தானாகக் கொடுத்த வரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஊருக்குப் பக்கத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. இங்குள்ள பசுமை யார் யாரோ போட்ட முதல். வட்டியைத்தான் நாம் அனுபவிக்கிறோம். (வங்கிக்காரன் புத்தி, கணக்கில்தான் போய் நிற்கும்!)

முதல் வரவு 1760-ல். ஹைதர் அலி சுமார் 40 ஏக்கரில் லால்பாகை ஆரம்பித்தார். மகன் திப்பு வெளிநாடுகளிலிருந்து விதைகளும் கன்றுகளும் வரவழைத்தார். தோட்ட வேலையில் பேர்போன திகளர் சமூகத்தினர் தமிழ்ப் பூர்வீகம் கொண்டவர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆண்டுதோறும் கரக உற்சவம் நடத்துபவர்களும் இவர்களே. அடுத்து 1870-ல் கப்பன் பார்க் வந்தது. சாங்கி என்ற பொறியாளர் அமைத்தது.

இவை இரண்டும் தோட்டங்கள். தண்ணீர், ஆள், சம்பளம் எல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும். தெருவோர மரத்துக்கு யார் பொறுப்பு?

தெருக்களுக்குத் திட்டம் போட்டவர்களில் முக்கியமானவர் கிரும்பிகல் என்ற ஜெர்மானியர். பரோடாவில் வேலை பார்த்து, பிறகு 1908-ல் லால்பாகுக்கு வந்தவர். ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கும்படி மரங்களைத் தேர்ந்தெடுத்தார் என்பார்கள். ஊதா நிற ஜகரண்டா தென் அமெரிக்கா, குல்மொஹர் மடகாஸ்கர், தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஊருக்கு அழகு சேர்ப்பவர்களில் பாதிப்பேர் என்னைப் போல வெளியூர்க்காரர்கள்!

அடுத்த பெரிய வரவு 1980-களில். ஊர் வேகமாக வளர்ந்து, புதிய குடியிருப்புகள் மொட்டையாக நின்ற நேரம். நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி சில ஆண்டுகளில் சுமார் 15 லட்சம் மரங்கள் நட்டார். எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்தது அவர் வழிமுறை. ஓரளவு வளர்ந்த கன்றுகளாக நட்டு, ஆடுமாடு கடிக்காமல் கூண்டு வைத்து, வீட்டுக்காரர்களையும் பராமரிப்பில் சேர்த்துக்கொண்டார். கன்று நடுவது ஒரு நாள் வேலை. முதல் இரண்டு மூன்று கோடையைத் தாண்ட வைப்பதுதான் பெரிய வேலை. அதை எந்த இலாகாவும் தனியாகச் செய்துவிட முடியாது.

இனி செலவுப் பக்கம். மரங்களைக் காக்க 1976-லேயே கர்நாடகம் சட்டம் போட்டுவிட்டது. ஆனாலும் சாலை அகலப்படுத்தவும் மெட்ரோவுக்கும் ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். "பதிலுக்குக் கன்று வைக்கிறோம்" என்பது வழக்கமான சமாதானம். அறுபது வருட டெபாசிட்டை உடைத்துவிட்டு, நூறு ரூபாயில் புதுக் கணக்கு ஆரம்பிப்பது போலத்தான் அது. நிழலுக்கு இன்னும் அறுபது வருடம் யார் காத்திருப்பது?

2016-ல் ஹெப்பாள் செல்லும் சாலையில் இரும்புப் பாலம் கட்ட 800-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டத் திட்டமிட்டபோது, மக்கள் தெருவில் இறங்கிக் கைகோர்த்து நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. சட்டம் அதற்கு நாற்பது வருடம் முன்பே இருந்தது. ஆனால் அந்த மரங்களைக் காப்பாற்றியது, இவை எங்களுடையவை என்று நினைத்த ஜனங்கள்தான்.

சென்னையோ மதுரையோ, உங்கள் தெருவிலும் போன மழைக்கு யாராவது ஒரு கன்று நட்டிருப்பார்கள். போட்டோவும் எடுத்திருப்பார்கள். வரும் சித்திரை வெயிலில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், போதும்.