மார்கழியில் வரும் விருந்தினர்: குறுகிய கால அருட்பணிப் பயணத்தை கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்த்தல்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் அணைந்ததும் வெளிநாட்டாரின் வரத்து கூடும். ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் மாசி வரை அவர்கள் நடமாட்டம் குறையாது. இதே பருவத்தில், இதே சென்னை விமான நிலையத்தில் இறங்கித் தமிழகச் சிற்றூர்களுக்குச் செல்லும் வேறொரு கூட்டமும் உண்டு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையில் பத்து நாளோ இரண்டு வாரமோ 'ஊழியம்' செய்யக் கிளம்பும் மேலைநாட்டுத் திருச்சபைக் குழுக்கள் அவை. சிறுவர் முகாம், மருத்துவ முகாம், ஒரு சுவருக்கு வெள்ளையடிப்பு, மொழிபெயர்ப்பாளர் துணையோடு சில கூட்டங்கள் என்று அவர்களின் நிகழ்ச்சிநிரல் ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆசிரமத்துக்கு வருபவர் பெற்றுக்கொள்ள வருகிறார். சபைக்குழுவோ கொடுக்க வருகிறது. திருவண்ணாமலைக்குக் கிழக்கே செஞ்சி சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் மையமாக வைத்து அருட்பணி வரலாற்றைப் படித்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. இங்கே கொடுத்தவர்கள் அனைவரும் தங்கியவர்கள். வந்துபோனவர்களின் பயணம் பலித்த இடங்களில், பெற்றவர்கள் அந்தப் பயணிகளே. ஆகவே, பயணம் குறுகியதாக இருப்பதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அருட்பணி என்று பெயர் சூட்டுவதில்தான் பிழை தொடங்குகிறது.

முதலில் தங்கியவர்களைப் பார்க்கலாம். அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் ஆற்காடு மிஷனை அமைத்தபோது, மக்கள் மொழியில் பிரசங்கம் செய்வதையே தலையாய பணியாகக் கொண்டார்கள். குளிர்காலமே அவர்களுக்கும் சுற்றுப்பயணக் காலம். கூடாரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். பருவம் இன்றைய குழுக்களின் பருவம்தான். ஆனால் அந்தப் பயணத்துக்கு முன்னால் பல ஆண்டுத் தமிழ்ப் பயிற்சி இருந்தது. பின்னால், கோடையிலும் அதே வட்டாரத்தில் வாழ்ந்து முடிக்க வேண்டிய வேலை இருந்தது. தெற்கே டேனிஷ் மிஷன் வேரூன்றியதும் இவ்விதமே. திருவண்ணாமலையில் இன்றும் டேனிஷ் மிஷன் என்ற பெயரிலேயே பள்ளி நடக்கிறது. ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த மிஷனின் வழிவந்தது. கத்தோலிக்கத் தரப்பில் சேத்துப்பட்டின் தர்ராஸ் அடிகளாரைச் சொல்லியாக வேண்டும். பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த அவர், 1876–78 பெரும்பஞ்சத்தை இந்த மக்களோடு கடந்து, 1916இல் மறையும்வரை பல பத்தாண்டுகள் வடஆற்காட்டுக்கே உழைத்தார். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் பெயர் பதியாத உபதேசியார்களும் வேதக்காரப் பெண்களும் நிற்கிறார்கள். கூடாரம் பிரிக்கப்பட்ட மறுநாள் அந்த ஊரில் இருந்தவர்கள் அவர்கள்தாம். மிஷன் வரலாறுகள் அவர்களுக்கு ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. சபைகளை உண்மையில் தாங்கியது அவர்களின் உழைப்பு.

இனி, காலக்கணக்கு. வட அமெரிக்கச் சபைக்கு டிசம்பர் கடைசி ஓய்வுக்காலம். கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக்கோ அது ஓயாத காலம். ஏரிப் பாசனச் சம்பா தையை ஒட்டி அறுவடைக்கு வரும். கிணற்றுப் பாசன நிலங்களில் மார்கழிப் பட்டத்து மணிலா விதைப்பு நடக்கும். இங்குள்ள சபைகள் பெரும்பாலும் தலித் மக்களிடையே வளர்ந்தவை. விவசாயக் கூலியை நம்பியிருக்கும் குடும்பங்கள் அவற்றில் ஏராளம். அறுவடைக் கூலி கிடைக்கும் நாளில் பகல் முகாமுக்கு வா என்று ஒரு பெண்ணை அழைப்பது, அவளுடைய கூலியைக் காணிக்கையாகக் கேட்பதற்குச் சமம். போதகரின் நிலையும் கடினம். கீத பவனி, கிறிஸ்துமஸ் ஆராதனை, டிசம்பர் 31 இரவு ஆராதனை, புத்தாண்டு ஆராதனை என்று ஆண்டின் மிக நெருக்கடியான இரண்டு வாரங்களில், வந்தவர்களுக்குக் காய்ச்சிய தண்ணீரும் காரம் குறைந்த சாப்பாடும் வண்டியும் ஏற்பாடு செய்வது அவர் தலையில் விழுகிறது. பயண நாளை யார் குறிக்கிறார் என்ற கேள்விக்கு விடை கிடைத்தால், பயணம் யாருக்காக என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

அப்படியானால் குறுகிய பயணங்களால் பயனே விளைந்ததில்லையா? விளைந்திருக்கிறது, அதற்கான மிகச் சிறந்த சான்று இந்த மலையடிவாரத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சு பெனடிக்டைன் துறவி ஆன்றி லெ சோ 1948இல் இந்தியா வந்தார். 1949 ஜனவரியில், குளித்தலைப் பகுதியில் பணியாற்றிவந்த ஜூல்ஸ் மோன்ஷானின் அடிகளாரோடு ரமணரைக் காணத் திருவண்ணாமலைக்கு வந்தார். அந்தக் குளிர்காலப் பயணம் சில நாள்களே நீடித்தது. முதல் தரிசனம் அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. முன்கூட்டிய எண்ணங்களைச் சுமந்து வந்திருக்கிறீர்கள் என்று ஆசிரமத்து அன்பர் ஒருவர் எடுத்துச் சொன்னார். பிறகு காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலினூடே வேத பாராயணமும் ரமணரின் முகமும் அவருக்குள் இறங்கின. இதையெல்லாம் பின்னாளில் அவரே எழுதிவைத்தார். மறுஆண்டு தண்ணீர்ப்பள்ளியில் மோன்ஷானினோடு சாந்திவனத்தை நிறுவி, அபிஷிக்தானந்தர் ஆனார். 1952 முதல் அருணாசலக் குகைகளில் தங்கினார். 1973இல் இந்தூரில் மறையும்வரை பிறந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1949 ஜனவரியில் அவர் திருவண்ணாமலைக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை. அந்தப் பயணத்தின் முழுப் பயனும், வந்தவர் தம் சுமையை இறக்கிவைக்கச் சம்மதித்ததிலிருந்து பிறந்தது.

இதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்னரும் இதே வகைப் பயணம் ஒன்று நிகழ்ந்தது. 1909இல் தமிழகத்துக்கு வந்த டேனிஷ் மிஷனரி ஆன் மரீ பீட்டர்சன், பெண்கல்விக்கு ஏற்ற மாதிரியைத் தேடி, இளையவரான எஸ்தர் ஃபேரிங்கோடு 1917 ஜனவரியில் அகமதாபாத்தில் காந்தியின் ஆசிரமத்துக்குச் சென்றார். மிஷன் தலைமைக்கு அது உவப்பாக இல்லை. பீட்டர்சன் மிஷனை விட்டு விலகிப் பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1921இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. சில நாள் பயணம் ஒரு பள்ளியாக மாறியதற்குக் காரணம், அந்த இரு பெண்களும் ஆசிரமத்துக்கு மாணவிகளாகப் போனதுதான். அதற்குள் பீட்டர்சன் இந்த மண்ணில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வாழ்ந்திருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு பணம் சார்ந்தது. நேரில் கண்டவர்களே தொடர்ந்து கொடுப்பார்கள்; ஆகவே பயணச் செலவை முதலீடாகக் கருத வேண்டும் என்பார்கள். இதைச் சோதித்த ஆய்வு உண்டு. 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சிதைத்தபின், வட அமெரிக்கக் குழுக்கள் சென்று கட்டிய வீடுகளையும் உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீடுகளையும் ஆய்வாளர் கர்ட் வெர் பீக் ஒப்பிட்டார். உள்ளூரில் ஏறத்தாழ 2,000 டாலரில் முடியும் வீட்டுக்காக, ஒரு குழு பயணத்தோடு சேர்த்து ஏறத்தாழ 30,000 டாலர் செலவிட்டது. வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்வில், யார் கட்டினார்கள் என்பதால் வேறுபாடு தெரியவில்லை. சென்றுவந்தவர்களின் கொடையிலும் நிலைத்த மாற்றம் மிகக் குறைவு. இந்த இரண்டாவது முடிவு என் வாதத்தையும் தாக்குகிறது: பயணி பெறுகிறான் என்றால், ஹோண்டுராஸ் சென்றவர்கள் ஏன் மாறவில்லை? அவர்கள் செங்கல் அடுக்கச் சென்றார்கள். கற்பதற்கு அவர்களின் நாளில் நேரம் ஒதுக்கப்படவில்லை. திரும்பியபின் கற்றதைக் கேட்டுப் பின்தொடரவும் பெரும்பாலும் யாரும் இருக்கவில்லை. லெ சோவுக்கு மோன்ஷானின் இருந்தார். பீட்டர்சனுக்குத் தமிழகத்தில் எட்டு ஆண்டுகள் இருந்தன.

மருத்துவத்தைச் சுட்டும் மறுப்பு இன்னும் வலுவானது. நோயாளிக்குத் தத்துவம் தேவையில்லை. இதற்கு வேலூரே விடை. அதே ஸ்கடர் குடும்பத்து மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் அங்கே பணியைத் தொடங்கி, சில ஆண்டுகளில் குடியாத்தம் சாலையில் மரத்தடி மருத்துவத்துக்கு வாரந்தோறும் போகலானார். அடுத்த வாரமும் அதே மரத்தடிக்கு மருத்துவர் வருவார் என்ற நம்பிக்கை, கொடுத்த மருந்தளவுக்கே மதிப்புடையது. 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதும், தாம் இல்லாத நாளிலும் அந்த நம்பிக்கை நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மாதக்கணக்கில் பின்தொடர வேண்டிய நோய்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவரும் மாநிலத்தில், இரண்டு நாள் முகாமில் ஒரு மாத மாத்திரையைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவது, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைக் குழப்பவும் கூடும். அயல்நாட்டு மருத்துவர் வரட்டும். ஆரம்ப சுகாதார நிலையமோ மிஷன் மருத்துவமனையோ கேட்டால், கேட்ட பயிற்சியைக் கொடுக்க வரட்டும்.

என் மனத்தை அதிகம் உறுத்தும் மறுப்பு வேறு. சபையார் விருந்தினரை விரும்புகிறார்களே, ஊரார் முன்னிலையில் அது அவர்களுக்கு மதிப்புத் தருகிறதே, அதைத் தடுக்க நீ யார் என்பது அது. நியாயமான கேள்வி. சாதியின் பெயரால் காலங்காலமாக ஒதுக்கப்பட்ட தெருவுக்குள் தொலைதூர நாட்டார் வந்து, தரையில் உட்கார்ந்து, அந்த வீட்டுச் சோற்றை உண்பது சிறிய நிகழ்வன்று. ஆனால் அந்த மதிப்பு, வந்தவர் உண்பதால் வருகிறது; அவர் வாரி வழங்குவதால் வருவதில்லை. 1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் தமிழ்க் குருவான வேதநாயகம் அசரியா மேலை மிஷன்களிடம் முறையிட்டது இதைத்தான்: தியாகமும் பொருளும் தந்தீர்கள், தோழமையையும் தாருங்கள் என்பது அவர் வேண்டுகோளின் சாரம். சட்டமும் இந்த வழியையே விட்டுவைத்திருக்கிறது. சுற்றுலா விசாவில் வருபவர் வழிபாட்டிடங்களுக்குச் செல்லலாம், வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். பிரசங்கிக்கவும் மதம் பரப்பவும் அனுமதியில்லை. மிஷனரி விசா தனி வகை. குழுவின் ஊழிய ஆர்வத்துக்கான விலையை, அவர்கள் போனபின் விசாரணைக்கு நிற்கப்போகும் உள்ளூர்ப் போதகரிடம் வசூலிப்பது அநியாயம்.

கீழ்பென்னாத்தூருக்கு வர நினைக்கும் குழுவுக்கு, பொங்கல் கழிந்தபின் சபை குறிக்கும் நாளில் வருவதும், காலையில் தமிழ் எழுத்துப் படிப்பதும், மாலையில் பஞ்சகாலத்து நினைவுகளை மூத்தவர்களிடம் கேட்பதும் போதுமான வேலை. செலவில் ஒரு பாதியை, இங்கிருந்து இருவர் அவர்கள் ஊருக்குச் சென்று பேசுவதற்கு ஒதுக்கலாம். இது புதிய யோசனையன்று. 1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் சங்கம் அமைத்துத் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். ஈழத்திலிருந்து தமிழகத்துக்கு மிஷனரி வருகிறார். தமிழகத்திலிருந்து எங்கும் ஒருவரும் போகவில்லையே என்பது அவரை வாட்டியது. யாழ்ப்பாணத்தில் அவர் எதையும் கட்டவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. மறுஆண்டே அதன் முதல் ஊழியர் தெலுங்கு கற்க வேண்டிய தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டார்.