மடக்குக் கத்தி வாங்குமுன் கொஞ்சம் சரித்திரம்

நம் வீடுகளில் கத்தி என்றால் அது சமையலறையைத் தாண்டாது. அருவாமனை, பாக்குவெட்டி, தேங்காய்க்கு ஓர் அரிவாள், அவ்வளவுதான். சட்டைப் பையில் கத்தி வைத்திருப்பவன் ஒன்று எலக்ட்ரீஷியன், இல்லாவிட்டால் சினிமா ரவுடி! ஆனால் தில்லி மாதிரி ஊருக்கு வந்து குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஊரிலிருந்து வரும் பார்சலின் சணலை அறுக்க வேண்டும். ஒன்றரை நாள் ரயிலில் குழந்தைக்கு மாம்பழம் நறுக்க வேண்டும். பேனாக்கத்தி சிறுசு, சமையல் கத்தியைப் பையில் வைத்தால் பை கிழியும். விலை குறைவாக, கொஞ்சம் பெரிதாக ஒரு மடக்குக் கத்தி கிடைத்தால் தேவலை என்று தோன்றும்.

எதை வாங்குவது என்று பார்க்கப் போனால் இரண்டு ஊர்களின் கதையில் போய் நிற்கிறது. ஒன்று பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவாய். இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே, உத்தரப் பிரதேசத்து ராம்பூர்.

முதலில் சவாய். 1860ல்தான் அது பிரான்ஸோடு சேர்ந்தது. அங்கே மொரியேன் பள்ளத்தாக்கில் ஓபினெல் என்று ஒரு கொல்லர் குடும்பம். கோடாலி, வெட்டரிவாள் மாதிரி விவசாயக் கருவிகள் செய்பவர்கள். அந்த வீட்டுப் பையன் ஜோசப் 1890ல், தன் 18 வயதில், பைக்குள் அடங்கும் ஒரு மடக்குக் கத்தி செய்தான். பீச் மரத்தில் ஒரே துண்டாகக் கடைந்த பிடி, அதில் ஒரு பிளவு, பிளவுக்குள் கார்பன் எஃகுத் தகடு, நடுவில் ஓர் ஆணி, ஆணியைச் சுற்றி ஓர் உலோகப் பூண். முடிந்தது. ஸ்பிரிங் கிடையாது, அலங்காரம் கிடையாது. குடியானவனுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்ட, திராட்சைக் கொடி கழிக்க, அதுவே போதும்.

இதில் சாமர்த்தியம் எங்கே என்றால் 1897ல் அவர் செய்த காரியத்தில். ஒரே கத்தியை 1 முதல் 12 வரை எண் போட்டுப் பன்னிரண்டு அளவுகளில் கொண்டுவந்தார். செருப்புக் கடையில் நம்பர் சொல்லி வாங்குகிற மாதிரி, கைக்கேற்ற கத்தியை நம்பர் சொல்லி வாங்கலாம். பின்னாளில், 1935ல், எண் 1 ரொம்பப் பொடிசு என்றும், எண் 11 பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே அனாவசியம் என்றும் நிறுத்திவிட்டார்கள். மற்ற எண்கள் இன்றும் கிடைக்கின்றன. எண் 8ன் அலகு 8.5 செ.மீ., எண் 10ன் அலகு 10 செ.மீ., எண் 12ன் அலகு 12 செ.மீ.

கத்தியில் ஒரு முத்திரை இருக்கும்: கிரீடம் வைத்த கை. 1565ல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் சார்லஸ் கத்திக் கொல்லர்கள் தங்கள் சரக்கில் அடையாளம் பதிக்க வேண்டும் என்று ஆணையிட்டாராம். அந்த மரபில் 1909ல் ஜோசப் இதைப் பதிவு செய்தார். கை, பக்கத்து ஊரான சான்-ழான்-த-மொரியேனின் சின்னம். அங்கே யோவான் ஸ்நானகரின் விரல்கள் இருப்பதாக ஐதீகம். கிரீடம், பழைய சவாய் அரசுடையது. பத்து ரூபாய்ச் சாமானிலும் சொந்த ஊரைப் பதித்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லா ஊர்க்காரனுக்கும் உண்டு போலிருக்கிறது.

இந்தக் கத்தியில் ஒரு குறை இருந்தது. பூட்டு இல்லை. அழுத்தி வெட்டும்போது அலகு மடங்கினால் விரல் போச்சு. 1955ல் மார்செல் ஓபினெல் ஒரு சுழலும் வளையம் சேர்த்தார். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது. 2000த்தில் அதே வளையம் மூடிய நிலையிலும் பூட்டும்படி மாறியது. பையிலோ குழந்தை கையிலோ தானாகத் திறக்காது. மொத்தமே ஐந்து பாகங்கள்தான். விலை குறைவாக இருப்பதன் ரகசியமும் அதுதான். பிரான்ஸில் எண் 8 இருபது யூரோவுக்குள் கிடைக்கும். இங்கே இறக்குமதிச் செலவு சேரும்.

இனி ராம்பூர். 1774ல் ஃபைசுல்லா கான் காலத்தில் உருவான நவாபு சமஸ்தானம். அங்கே கத்தி செய்வது பரம்பரைத் தொழில். ராம்பூரி சாக்கு என்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குலம் வரை அலகு. பல்சக்கரம் மாதிரி வெட்டு வைத்த 'கராரி' வகையைத் திறந்தால் கடகடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் அதற்குப் புகழும் வினையும் ஆனது. இந்திப் பட வில்லன்கள் கையில் அது ஏறியது. ராம்பூர் என்ற ஊர்ப் பெயரே மிரட்டலுக்குச் சொல்கிற வார்த்தையாகிவிட்டது.

1990களில் உத்தரப் பிரதேச அரசு 4.5 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள இந்தக் கத்திகளுக்குத் தடை போட்டது. நீளம்தான் ராம்பூரியின் அடையாளமே. அது போனதும் வியாபாரம் படுத்தது. கத்திக்கென்றே பஜார் இருந்த ஊரில் இன்று விரல்விட்டு எண்ணும் கடைகள். 2023ல் அதே ஊர் நாற்சந்தியில் இருபது அடி உயரத்தில் ஒரு ராம்பூரி கத்தியை நினைவுச் சின்னமாக நிறுத்தினார்கள். கொல்லனின் பட்டறை மூடிக்கொண்டிருக்க, கத்திக்குச் சிலை!

இரண்டும் மடக்குக் கத்திதான். ஒன்று சாப்பாட்டு மேஜைக்குப் போனது, மற்றது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. சவாய்க்காரன் நல்லவன், ராம்பூர்க்காரன் கெட்டவன் என்பதல்ல. ஓபினெல் திறக்க இரண்டு கை வேண்டும், நகத்தால் நெம்ப வேண்டும், பிறகு வளையத்தைத் திருப்ப வேண்டும். அதற்குள் எதிராளி வீட்டுக்கே போய்விடுவான். அவசரத்துக்கு உதவாத கத்தி என்பதால்தான் அது தாத்தா பேரனுக்குக் கொடுக்கும் பொருளாக நிலைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ராம்பூரியோ பார்த்தாலே பயப்படும்படி நீளமும் சத்தமும் கொண்டது. சினிமா அதையே பிடித்துக்கொண்டது, சட்டமும் அதையே பிடித்துக்கொண்டது. அரிந்து சாப்பிடுகிறவனுக்காக ஒரு சின்ன ராம்பூரியை ஊர் உலகம் அறியச் செய்ய யாரும் இல்லை. நஷ்டம் கொல்லர்களுக்கு.

இதெல்லாம் பழங்கதை என்று விட முடியாது. தில்லியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகள் பொதுவாக 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திகளைப் பற்றித்தான் பேசுகின்றன. அதிலும் வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் தில்லிக்கு 1980 அக்டோபர் 29 தேதியிட்ட தனி அறிவிப்பு ஒன்று உண்டு. ஸ்பிரிங், கராரி, பொத்தான் அல்லது வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால், லைசென்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடாது. அதாவது மூன்று அங்குலம். ஓபினெலின் வளையம் 'இயந்திர அமைப்பா' என்று ரோட்டில் நின்று கான்ஸ்டபிளோடு வாதாடுவது நமக்குத் தேவையா?

ஆகவே என் சிபாரிசு இது. வெளியே எடுத்துப் போக எண் 6. அலகு 7 செ.மீ. மாம்பழத்துக்கும் சணலுக்கும் தாராளம். பெரிய கத்தி ஆசை இருந்தால் எண் 10 அல்லது 12 வாங்குங்கள், ஆனால் அது வீட்டிலேயே இருக்கட்டும். கார்பன் எஃகு நன்றாகத் தீட்ட வரும், எலுமிச்சை பட்டால் கறுக்கும், ஈரத்தில் துருப்பிடிக்கும். சோம்பல்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ். மரப்பிடியைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். ஊறினால் பிடி உப்பி அலகு சிக்கிக்கொள்ளும். அப்போது வளையத்தைத் திறந்து, பிடியின் அடிமுனையை மேஜையில் 'டக்'கென்று தட்டினால் அலகு தலைநீட்டும். சவாய்க்காரர்கள் வழி அது. விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்காதீர்கள்.

ராம்பூர் பக்கம் போனால் அங்கேயும் ஒரு சின்னக் கத்தி, மூன்று அங்குலத்துக்கு உட்பட்டதாகக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.