அங்க அடையாளம் இரண்டு

பதிவு கொஞ்சம் நீளம்; பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும். பொதுத்தேர்வுப் பட்டியல் தயாரிக்கும் நாட்களில் ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அழைத்து, "அங்க அடையாளம் ரெண்டு காட்டுப்பா" என்போம். கன்னத்தில் ஒரு மச்சம், முழங்கையில் ஒரு தழும்பு. எழுதி முடித்தால் வேலை முடிந்தது. அந்த மச்சம் ஆயுளுக்கும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதினோம்.

இது பள்ளிக்கூடத்தில் பிறந்த வழக்கம் அல்ல. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா ஆகியவற்றோடு உடற்குறிக்கும் ஓர் இடம் இருந்தது. நம் பெரம்பலூரும் உடையார்பாளையமும் அப்போது திருச்சிராப்பள்ளி ஜில்லா.

அரசாங்கம் மச்சத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்தது. மச்ச சாஸ்திரம் அதை வைத்து அதிர்ஷ்டம் சொன்னது. இருவரும் கேட்டது "எங்கே இருக்கிறது?" என்று மட்டும். "மாறுகிறதா?" என்று கேட்டவர்கள் மருத்துவர்கள்.

1820இல் வில்லியம் நோரிஸ் என்ற ஆங்கில மருத்துவர், வயிற்றிலிருந்த மச்சம் வளர்ந்து கட்டியாகி இறந்துபோன 59 வயதுக்காரரைப் பற்றி எழுதினார். அவருடைய தகப்பனாரும் அதே மாதிரி நோயில் இறந்தவர் என்பதையும் குறித்து வைத்தார். 1886இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன், நகச்சுத்து போலவே தோன்றும் ஒரு புற்றுநோயை விவரித்தார். நகத்தடியில் இருக்கும் கருமை நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவினால் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு இன்றும் அவர் பெயரையே சொல்கிறார்கள். இந்த நோய்க்கு மெலனோமா என்று பெயர்.

நம் பிள்ளைகளின் டி-ஷர்ட்டில் சிரிக்கும் ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் இதுதான். கால் பெருவிரல் நகத்தடியில் இருந்ததைக் கால்பந்து விளையாடிப் பட்ட காயம் என்று நினைத்திருந்தார். 1977இல் நோய் தெரிந்தது. விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே மாதம், 36 வயதில் போய்விட்டார்.

நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு இந்த நோய் அரிது. ஆனால் வரும்போது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. ஒரு பிள்ளையின் உள்ளங்காலையும் நான் அங்க அடையாளத்துக்குத் திருப்பிப் பார்த்ததில்லை.

என் சித்தப்பா ஒருவர் பருத்திக்காட்டில் செருப்பில்லாமல் நடந்தே வாழ்ந்தவர். குதிகாலில் ஒரு கறுப்பு. "கருவேல முள்ளு உள்ளயே நின்னுபோச்சுடா" என்பார். பிளேடால் சீவிக்கொள்வார். கால் ஆணியாக இருக்கும் என்று பிளாஸ்டர் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். இரண்டு வருடம் கழித்துத் தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அதற்குள் நேரம் கடந்திருந்தது. படித்தவன் வீட்டில் இருந்தும் இப்படி ஆனது.

1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற மருத்துவர், இந்தக் கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதே பிழைப்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று காட்டினார். மெல்லியதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணம். அதனால் 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் ஏ, பி, சி, டி என்று நாலு எழுத்தில் ஒரு பாடம் வகுத்தார்கள். மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியோடு ஒத்துப்போகாதது. ஓரம் கிழிந்த காகிதம் போலிருப்பது. ஒரே மச்சத்தில் பல நிறம். 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சில் முனையிலுள்ள ரப்பரைவிடப் பெரியது. 2004இல் 'இ' சேர்ந்தது: மாறிக்கொண்டே வருவது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

பயப்படச் சொல்லவில்லை. மச்சங்களில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. பல நகங்களில் கறுப்புக் கோடு இருப்பதும் நம்மவர்களுக்குச் சகஜம். ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கோடு வந்து அகலமானாலும், மச்சம் வளர்ந்தாலும், அரித்தாலும், ரத்தம் கசிந்தாலும், உள்ளங்காலில் கறுப்போ புண்ணோ ஆறாமல் நின்றாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைத்துச் சுட வேண்டாம், பிளேடு வேண்டாம். அப்படிச் செய்தால் பரிசோதிக்க வேண்டிய சதையே சிதைந்துபோகும். நோயும் உள்ளே தங்கிவிடலாம்.

அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சித்தப்பா காலத்தைப் போலத் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

இன்று ராத்திரி கால் கழுவும்போது உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது இருந்தால் தேதியோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாறுகிறதா என்று அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே மாறியிருக்கிறது என்று தோன்றினால், அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.