கட்டுப்பாட்டு வால்வைப் பிரித்தல்

ஆலைக் குழாய்களில் ஓடும் நீராவி, எண்ணெய், வாயு, அமிலம் ஆகியவற்றின் அளவைத் தானாகக் கூட்டியும் குறைத்தும் வைப்பது கட்டுப்பாட்டு வால்வு. தேய்ந்த பாகங்களை மாற்றவும் கசிவை நிறுத்தவும் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றுவதே பிரித்தல். சுத்திகரிப்பு ஆலைகள், அனல்மின் நிலையங்கள், உர ஆலைகள் போன்றவற்றில் இந்த வேலை பெரும்பாலும் ஷட்டவுன் எனப்படும் ஆலை நிறுத்தக் காலத்தில் நடக்கிறது.

பரவலாகக் காணப்படுவது, ஸ்பிரிங்கும் டயாபிரமும் கொண்ட ஆக்சுவேட்டர் பொருத்திய குளோப் வகை வால்வு. குழாயோடு இணைந்த உடல் அடியில் இருக்கும். அதன் மூடி பானட். பானட்டின் மேல் யோக் என்னும் சட்டமும் அதன் உச்சியில் ஆக்சுவேட்டரும் நிற்கும். கட்டுப்பாட்டறையிலிருந்து வரும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையான மின்சைகைக்கு ஏற்ப, பொசிஷனர் டயாபிரத்துக்குக் காற்றை அனுப்பும். காற்று ஒரு திசையில் தள்ள, ஸ்பிரிங் எதிர்த்திசையில் தள்ளும். உள்ளே தண்டு, அதன் முனையில் பிளக், பிளக் வந்து அமரும் சீட் வளையம், பல வால்வுகளில் இவற்றைச் சூழ்ந்த கேஜ் ஆகியவை உண்டு. இத்தொகுதிக்கு டிரிம் என்று பெயர். தண்டு பானட்டின் வழியாக வெளியே வரும் இடத்தில் கசியாமல் காப்பது கிளாண்ட் பேக்கிங். இது பெரும்பாலும் டெஃப்லானால் ஆனது; வெப்பம் மிகுந்த இடங்களில் கிராஃபைட்.

நிறுத்தி வைக்கப்பட்ட வால்விலும் குழாயின் அழுத்தம், ஆக்சுவேட்டரின் காற்று, சுருங்கி நிற்கும் ஸ்பிரிங் ஆகிய மூன்றும் விசையைத் தேக்கி வைத்திருக்கும். எதை எப்போது விடுவிப்பது என்பதில்தான் பிரிப்பவரின் திறமை இருக்கிறது. ஸ்பேனர் பிடிப்பது அதற்கு அடுத்தது. ஆலை ஓடிக்கொண்டிருந்தால், முதலில் வால்வைச் சுற்றிச் செல்லும் பைபாஸ் குழாயைத் திறந்து ஓட்டத்தை அதன் வழியே திருப்புவார்கள். பிறகு வால்வின் இருபுறத்துத் தடுப்பு வால்வுகளையும் மூடிப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டி, இடையில் சிக்கியதை வடித்து, அழுத்தம் பூஜ்யம் என்பதைச் சரிபார்ப்பார்கள். இப்படிப் பூட்டி அட்டை மாட்டுவதை அமெரிக்காவில் 1989-இல் வந்த தொழிற்பாதுகாப்பு விதி கட்டாயமாக்கியது.

இவ்வளவும் செய்தபின்னும் பேக்கிங் அறைக்குள் அழுத்தத்தோடு திரவம் தங்கியிருக்கலாம். குழாயிலிருந்து கழற்றித் தரையில் வைத்த வால்வுக்கும் இது பொருந்தும். ஆகவே பானட் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றுவதில்லை. சுமார் 3 மி.மீ. தளர்த்தி, பானட்டை மெல்ல அசைத்து, உடலுக்கும் அதற்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டின் பிடியை விடுவித்து, மிச்ச அழுத்தம் வெளியேறியதா என்று பார்த்தபிறகே நட்டுகள் முழுதாக வெளியே வரும்.

காற்று வந்தால் திறக்கும் வகை வால்வில் இன்னொரு நுட்பம் உண்டு. காற்றை நிறுத்தியதும் ஸ்பிரிங் பிளக்கைச் சீட்டின் மேல் அழுத்திவிடும். அந்த நிலையில் தண்டைத் திருகினால் பிளக்கும் சீட்டும் உரசிக் கீறிக்கொள்ளும். அதனால் சிறிதளவு காற்று கொடுத்துப் பிளக்கைத் தூக்கிய நிலையில் தண்டின் இணைப்பைப் பிரித்து, அதன்பின் காற்றை வெளியேற்றுவது முறை. ஆக்சுவேட்டரையே திறப்பதானால் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முதலில் தளர்த்த வேண்டும். சில வகைகளில் உறையைச் சுற்றிய போல்ட்களுக்கிடையே சில மட்டும் நீளமாக இருக்கும். அவற்றைக் கடைசிவரை விட்டுவைத்து, சமமாக, சிறிது சிறிதாகத் தளர்த்துவார்கள்.

எந்த போல்ட் எதைப் பிடித்திருக்கிறது என்பதை அறியாமல் கழற்றுவதன் விளைவை லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரிலுள்ள எக்ஸான்மொபில் சுத்திகரிப்பு ஆலை 2016 நவம்பர் 22 அன்று கண்டது. அங்கே இருந்தது கையால் இயக்கும் பிளக் வால்வு. ஆனால் பாடம் எல்லா வால்வுகளுக்கும் உரியது. இயங்காத கியர்பாக்ஸை அகற்றுவதற்காக அதைத் தாங்கிய போல்ட்களைக் கழற்றினார்கள். அந்தப் பழைய வடிவமைப்பில், அழுத்தத்தைத் தாங்கும் மேல்மூடியையும் அதே போல்ட்கள்தான் பிடித்திருந்தன. குழாய்க் குறடால் தண்டைத் திருப்பியபோது வால்வு கழன்று, 2,000 பவுண்டுக்கு மேல் ஐசோபியூட்டேன் வெளியேறித் தீப்பற்றியது. நால்வர் கடுமையாகக் காயமுற்றனர்.

பானட்டைத் தூக்கியதும் டிரிம்மைக் கழுவவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. முதலில் உள்ளது உள்ளபடி படமெடுக்க வேண்டும். வால்வு எப்படி ஓடியது என்பதற்கு அந்தப் பரப்புகளைவிட நேர்மையான சாட்சி கிடையாது. பிளக் கரையான் அரித்த மரம்போலக் குழிகுழியாக இருந்தால் காரணம் கேவிட்டேஷன்: குறுகிய வழியில் திரவத்தின் அழுத்தம் ஆவியழுத்தத்துக்குக் கீழே விழுந்து குமிழிகள் தோன்றி, அழுத்தம் மீண்டும் ஏறியதும் அவை உலோகத்தின் அருகில் நொறுங்கியிருக்கின்றன. அழுத்தம் மீளாமல் ஆவியாகவே தொடர்ந்திருந்தால் அரிப்பு வழவழப்பாக, மெருகேற்றியதுபோல இருக்கும். சீட்டின் முகத்தைக் குறுக்கே வெட்டிய மெல்லிய கோடுகள், வால்வு நெடுநாள் அரைகுறையாக, கிட்டத்தட்ட மூடிய நிலையில் ஓடியதைக் காட்டும். பெரும்பாலும் தேவைக்குப் பெரிய வால்வைப் பொருத்தியிருப்பார்கள். தண்டு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு விலகியிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிளக்கை மட்டும் போட்டால் அதுவும் அதே வழியில் தேயும்.

கேஜ் அழுத்திப் பிடித்திருக்கும் சீட் வளையம், பானட் போனதும் எளிதில் வந்துவிடும். மரையிட்டுத் திருகிய சீட் அப்படியல்ல. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, அதற்கென்றே உள்ள கருவியால் திருப்ப வேண்டும். உளியால் தட்டுவது உடலையே கெடுக்கும். லேசான கீறலை, அரைக்கும் பசையிட்டுப் பிளக்கையும் சீட்டையும் ஒன்றோடொன்று உராய்த்துச் சரிசெய்யலாம். ஆழமான சேதத்துக்கு லேத் வேலையோ புதுப் பாகமோதான் வழி. பேக்கிங்கைக் கொக்கியால் குத்தி இழுப்பதைவிட, கழற்றிய பானட்டின் அடியிலிருந்து பொருத்தமான கம்பியால் மேலே தள்ளுவது நல்லது. அறைச் சுவரிலோ தண்டிலோ விழும் ஒரு கீறல் புதுப் பேக்கிங்கையும் கசிய வைக்கும். ஒருமுறை நசுங்கிய சுருள் கேஸ்கெட்டை மறுபடி போடக்கூடாது.

மீண்டும் பூட்டும்போது பானட் நட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக முறுக்குவார்கள். பிறகு கசிவுச் சோதனை: உலோகச் சீட்டுகளுக்கு வழக்கமான நான்காம் வகுப்பில், முழுத்திறப்பின் கொள்திறனில் 0.01 சதவீதம் வரை கசிவு அனுமதி. காற்றுக் குழல்களுக்குப் பிரிக்கும்போதே அடையாளச் சீட்டு கட்டியிருக்க வேண்டும். டெக்சாஸின் பாசடீனாவில் பிலிப்ஸ் நிறுவனத்தின் பாலிஎத்திலீன் ஆலையில் 1989 அக்டோபர் 23 அன்று, பராமரிப்பின்போது ஒரு வால்வின் ஆக்சுவேட்டருக்குக் காற்றுக் குழல்கள் மாறி இணைக்கப்பட்டிருந்தன. மூடும் கட்டளைக்கு அந்த வால்வு திறக்கும் நிலை உண்டாயிற்று. வெளியேறிய வாயு வெடித்து 23 பேர் இறந்தனர். எனவே இயக்கத்துக்கு ஒப்படைக்குமுன் காற்றை நிறுத்தியும் கொடுத்தும், வால்வு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொசிஷனர் காட்டும் எண்ணைக்கொண்டு அல்லாமல், தண்டு நகர்வதை நேரில் நின்று கண்ணால் கண்டு உறுதிசெய்கிறார்கள்.