மோதலைக் கண்டுபிடிக்கும் குண்டு

தோட்டத்து லோரியில் நின்றுகொண்டே போனவர்களுக்கு இது தெரியும். ஓட்டுநர் சட்டென்று பிரேக்கை மிதித்தால் லோரி நிற்கும். நாம் நிற்க மாட்டோம், முன்னே இருப்பவர் முதுகில் போய் விழுவோம்.

1952-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜான் ஹெட்ரிக் என்னும் பொறியாளர் மனைவியோடும் சிறு மகளோடும் காரில் போனார். சாலையில் கிடந்த பாறைக்கு விலகியபோது கார் பள்ளத்தில் இறங்கியது. மகள் முன்னே விழாதபடி பெற்றோர் இருவரும் கையை நீட்டித் தடுத்தார்கள். எந்தத் தாய் தகப்பனும் அதைத்தானே செய்வார்கள்? ஆனால் பெரிய மோதலைக் கை தாங்காது. காற்றுப்பை தாங்கட்டும் என்று எண்ணினார் ஹெட்ரிக். 1953-இல் காப்புரிமையும் பெற்றார்.

சரி, கார் மோதிவிட்டது என்று பைக்கு யார் சொல்வது? 1960களின் கடைசியில் ஆலன் பிரீட் என்னும் அமெரிக்கர் அதற்கொரு சுவிட்ச் செய்தார். சின்னக் குழாய், உள்ளே எஃகுக் குண்டு, பின்னால் ஒரு காந்தம். சாதாரணமாகப் பிரேக் போட்டால் காந்தம் குண்டை விடாது. கார் மோதி நின்றால், லோரியில் நாம் விழுவதைப் போலவே, குண்டு காந்தத்தை விட்டு முன்னே ஓடும். குழாய் இறுக்கமானது, காற்றைத் தள்ளிக்கொண்டுதான் ஓட வேண்டும். ஆகவே குழியில் விழுந்த ஒரு குலுக்கலுக்கு அது முனைவரை போகாது. முனையிலுள்ள இரு தகடுகளையும் தொட்டால் மின்சாரம் பாயும். கண் சிமிட்டுவதற்குள் பை ஊதிவிடும்.

விற்பனைக் கார்களில் இந்தப் பை வந்தது 1970களில். அதற்குள் ஹெட்ரிக்கின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அவருக்குக் காசு எதுவும் வரவில்லை.