தேக்கின் லத்தீன் ரசீது

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் மரக்கடை வைத்திருக்கிறவன் நான். லத்தீன் எனக்குப் பழக்கமானது படிப்பால் அல்ல, சரக்கோடு வரும் காகிதங்களால். கப்பலில் வரும் மரத்துக்கு 'ஃபைட்டோ' என்று நாங்கள் சொல்லும் சான்றிதழ் வேண்டும். அதில் மரத்தின் தாவரவியல் பெயருக்கென்றே ஓர் இடம் உண்டு. கானாவிலிருந்து வரட்டும், ஈக்குவடாரிலிருந்து வரட்டும், தேக்கு என்றால் 'டெக்டோனா கிராண்டிஸ்'தான். 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்ற பெயரில் விற்பதிலோ 'பெரிகாப்சிஸ் எலாட்டா' என்ற மரமும் உண்டு. அது அவரைக் குடும்பம். தேக்குக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. கடைக்காரன் வாய் மறைப்பதை அந்த ஒரு வரி காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த வரியின் பூர்வீகம் நம் கடற்கரைகள்தான். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. நூல் லத்தீன், தேக்குக்குத் தலைப்பு 'தேக்கா'. செடிகளின் பெயரும் குணமும் சொன்ன ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சாட்சியத்தையும் அதில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்த மரியாதை பிறகு வந்த நூல்களில் அபூர்வம். நூறாண்டு கழித்து, 1782-இல் வெளிவந்த தன் நூலில், தாவரவியலாளர் லின்னேயஸின் மகன் தேக்குக்கு இன்றைய பெயரைச் சூட்டினார். 'கிராண்டிஸ்' என்றால் பெரியது, அவ்வளவுதான்.

மகனின் அந்த நூலில் நம் பக்கத்து மரங்கள் இடம்பிடித்ததில் தரங்கம்பாடிக்குப் பெரிய பங்குண்டு. தந்தை லின்னேயஸிடம் படித்த யோஹான் கோனிக், டேனிஷ் மிஷனுக்கு வைத்தியராக 1768-இல் அங்கே வந்து இறங்கினார். பிறகு ஆற்காட்டு நவாபிடம் வேலை, அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியில். 1785-இல் இறந்தார். செம்மரமும் தேற்றாவும் 1782 நூலில் இருக்கின்றன. தேற்றாவின் பெயர் 'ஸ்டிரிக்னோஸ் பொட்டாட்டோரம்', அதாவது குடிப்பவர்களுக்கு உரியது. கலங்கல் தண்ணீர் ஊற்றும் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சேறு அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். நம் வீட்டுப் பெண்கள் செய்துவந்த வேலை ஒரு மரத்தின் லத்தீன் பெயரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கோனிக்கின் சொந்தப் பெயர் தங்கியிருப்பது கறிவேப்பிலையில்: 'முர்ராயா கோனிகீ'. சாப்பிடும்போது நாம் இலையோரம் ஒதுக்கி வைப்பது அவரைத்தான்.

தரங்கம்பாடிக்கு 1776-இல் வந்த பாதிரியார் ராட்லர் செடியும் சேர்த்தார், தமிழ் அகராதியும் தொகுத்தார். 1836-இல் சென்னையில் மறைந்தார்.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது, சேலையூர்க் காட்டு நிலத்துக்கு. அங்கே எட்வர்ட் பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். ஆனால் ஆள் செடிப் பித்தர். சென்னையையும் சுற்றுப்புறத்தையும் பற்றி மயூரநாதன் 1929-இல் எழுதிய தாவர நூலுக்கு 1938-இல் பார்ன்ஸ் ஒரு பிற்சேர்க்கை எழுதினார். அருங்காட்சியக வெளியீடு அது. பாடம் எடுப்பது ஒன்று, பேர் சொல்ல வைப்பது வேறொன்று என்று இருந்த அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் மேல் எனக்குப் பொறாமையே உண்டு.

லத்தீன் பெயரும் மாறாத ஒன்றல்ல. புங்கன் நம் வாய்ச்சொல்லிலிருந்தே 'பொங்கேமியா' ஆனது. பின்னால் சிலர் அதை 'மில்லெட்டியா' ஆக்கினார்கள். நர்சரிக்காரர்கள் பொங்கேமியாவை விடுவதாக இல்லை. நானும்தான்.

ஆனால் கடையில் நின்று பார்த்தால் லத்தீன் பெயரின் எல்லை தெரியும். பர்மாத் தேக்கும் நிலம்பூர்த் தேக்கும், அவசரமாக வளர்த்து அறுத்த இளந்தோப்புத் தேக்கும் லத்தீனுக்கு ஒன்றே. மியான்மர் 2014-இல் முழுத்தடி ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்து, 'பர்மாவா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்தச் சான்றிதழின் பெயர் வரி உதவுவதில்லை. கேம்பிள் 1881-இல் எழுதிய இந்திய மரங்களின் கையேட்டில் லத்தீன் பெயரோடு ஊர்ப்பெயரும் மரத்தின் எடையும் சேர்த்தே கொடுத்திருப்பார். வன அதிகாரி அல்லவா, வேலை தெரிந்தவர்.

எங்கள் ஆசாரி ஃபைட்டோவைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வெட்டுமுனையை இழைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார். சேகு எவ்வளவு, ஓரத்தில் வெள்ளை எவ்வளவு என்று விரலால் அளப்பார். வளையம் நெருக்கமா என்று எண்ணுவார். வெள்ளை இரண்டு விரலுக்கு மேல் போனால் நிலைக்கு வேண்டாம், சட்டத்துக்குப் பார்க்கலாம் என்பார். கன அடிக்கு விலை பேசுவது அதற்கப்புறம்தான்.