கூடங்குளம்: கேட்காம விட்ட கேள்வி

கூடங்குளம்னாலே எல்லாருக்கும் 2011, 2012 போராட்டம்தான் ஞாபகம் வரும். எனக்கென்னமோ மொத்தக் கதையும் தேதியிலதான் இருக்குன்னு தோணுது.

1988 நவம்பர்ல ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் போட்டாங்க. தலா 1000 மெகாவாட்ல ரெண்டு அணு உலை. 1989 மே மாசமே சுற்றுச்சூழல் அனுமதி கிடைச்சாச்சு. அப்புறம் சோவியத் யூனியனே இல்லாமப் போக, திட்டமும் படுத்துடுச்சு.

இந்த இடைவெளியிலதான், 1994-ல, பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம்னு மத்திய அரசு அறிவிச்சுது. 1997-ல பொதுமக்கள் கருத்துக்கேட்பும் சேர்ந்துச்சு. கூடங்குளத்துல கட்டுமானம் ஆரம்பிச்சதோ 2002-ல!

"அப்ப ஜனங்ககிட்ட கேட்டிருக்கணுமே?" வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. அனுமதி 1989-லயே வாங்கினதுங்கறதால முதல் ரெண்டு உலைக்கும் கருத்துக்கேட்பு தேவையில்லைன்னு 2013 மே மாசம் தீர்ப்பு வந்துச்சு.

கருத்துக்கேட்பு நடந்திருந்தா உலை நின்னுருக்கும்னு நான் சொல்ல வரலைங்க. மீனவர் கேட்ட கேள்வியும் அதிகாரி சொன்ன பதிலும் எழுத்துல பதிவாகியிருக்கும். அந்த 13 வருஷத்துல பால்வாடி போன பிள்ளைங்க வலை இழுக்கற வயசுக்கு வந்துட்டாங்க. பழைய காகிதம் செல்லும்னா, அவங்க வாய்ச்சொல் மட்டும் செல்லாதா?